பாதித் தாளில் ஒரு கையெழுத்து

ஏப்ரல் 12

என்னங்க,

நானும் குட்டியும் சுகம். நீங்கள் போய்ச் சேர்ந்து போட்ட கார்டு நேற்றுத்தான் வந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லையே? ஹோட்டல் சாப்பாடு உங்களுக்கு ஆகாது. பார்த்துச் சாப்பிடுங்கள்.

மாநிலத்தை இரண்டாக்கியவர்களுக்கு ஒரு கோடு போட்டதோடு வேலை முடிந்துவிட்டது. நம் ஆபீஸ் ஹாலை இரண்டாக்க இங்கே ஒரு மாதமாகத் திண்டாடுகிறார்கள். நாற்காலிகளுக்கெல்லாம் சுண்ணாம்பில் எண் போட்டாயிற்று. ஒற்றைப்படை இங்கேயே இருக்கும், இரட்டைப்படை லாரி ஏறும். சுவர்க்கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். அது எந்த மாநிலத்துக்கு என்று இரண்டு நாள் ஃபைல் நடந்தது. ஆட்களையும் இப்படித்தானே பிரித்தார்கள்! சீனியாரிட்டி லிஸ்டில் நீங்கள் நாற்பத்திரண்டு, நான் நாற்பத்து மூன்று. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, நடுவில் கல்யாணமும் செய்துகொண்டோம். அந்தப் பாவத்துக்கு நீங்கள் இரட்டைப்படை, நான் ஒற்றைப்படை.

இப்போது முக்கியமான விஷயம். சூப்பிரண்டு பதவி உயர்வுத் தேர்வு இந்த வருடம் நடக்கிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு, இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாள், ஒரே வினாத்தாள். பன்னிரண்டு வருட சர்வீஸ் இருந்தால் எழுதலாம். பிரிவினைக்கு முந்தைய சர்வீஸ் செல்லுபடியாகும் கடைசித் தேர்வு இதுதானாம். அடுத்ததற்கு அவரவர் மாநிலம் அவரவர் விதி. சர்க்குலரை நம் செக்ஷன் தலைவர் கொட்டாவி சார்தான் வாசித்தார். பாதியில் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஏம்மா, இந்தத் தடவையாவது எழுதுவியா, இல்ல வீட்டுக்காரர் பாஸ் பண்ணட்டும்னு உட்கார்ந்திருப்பியா?" என்றார். ஹாலே சிரித்தது.

அவர் சொன்னதில் தப்பில்லை. போன இரண்டு முறையும் நீங்கள் எழுதினீர்கள், நான் எழுதவில்லை. இரண்டு பேரும் படித்தால் அடுப்பை யார் பார்ப்பது? இந்த முறை எழுதுகிறேன். நாம் பேசி வைத்தபடி பாஸ் பண்ணிவிட்டால், சூப்பிரண்டாகவே அங்கே ஒருவரோடு இடம் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். சர்வீஸ் ஒரு நாள்கூடக் குறையாது.

இன்னொன்று. குட்டிக்குப் போன வாரம் காய்ச்சல். லீவு லெட்டர் கொடுக்க ஆளில்லாமல் நானே ஆபீஸுக்கு ஓடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவசரத்துக்கு உதவட்டும் என்று நான் கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள்கள் நாலைந்து உங்கள் டிராயரில் இருந்தன. டிராயரோடு அவையும் அங்கே வந்துவிட்டன போலிருக்கிறது. கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 28

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் பார்த்து உயிர் வந்தது. உனக்கும் குட்டிக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. எனக்கு வயிறுதான், வேறொன்றுமில்லை. காலையில் ஒரு முறை பிடுங்குகிறது, சாயங்காலம் ஒரு முறை பிடுங்குகிறது. நடுவில் ஆபீஸ் பிடுங்குகிறது.

எங்களுக்குக் கொடுத்திருக்கும் கட்டடம் முன்பு சிமெண்ட் குடோனாக இருந்ததாம். ஃபைலைத் தட்டினால் ஃபைல் தூசி பாதி, சிமெண்ட் தூசி பாதி. நாற்காலி வந்துவிட்டது, மேஜை இன்னும் லாரியில் இருக்கிறது. எல்லாரும் மடியில் வைத்து எழுதுகிறோம். நான் எடுத்திருக்கும் அறை மாடியில். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், குழாயில் தண்ணீர் வந்தால் கீழ்வீட்டுக்காரர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் வாளியோடு ஓட வேண்டும். ஆபீசரம்மாவின் வீட்டுக்காரர் வாளி தூக்குகிறார் என்று நாளைக்கு ஊர் பேசும்!

தேர்வு விஷயம் இங்கேயும் வந்தது. எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. என் சர்வீஸ் ரிஜிஸ்டர் இங்கே வந்து சேரவில்லை. அது இல்லாவிட்டால் நான் நேற்றுப் பிறந்தவன் மாதிரி. "உங்க பதினாலு வருஷத்துக்கு ரெக்கார்டு எங்க சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். ரிஜிஸ்டர் அங்கேதான் எங்கோ கிடக்க வேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார் தேடித் தருவார்கள்? ஜூலை கடைசிக்குள் வந்தால் என் பெயரும் தகுதிப் பட்டியலில் ஏறும். மூன்றாவது முறையாவது கரையேறுகிறேனா பார்ப்போம்.

குட்டிக்கு முத்தம். பள்ளிக்கூடத்தில் கணக்கில் எவ்வளவு என்று எழுதச் சொல்.

உன்
நான்


ஜூன் 15

என்னங்க,

இருவரும் சுகம். எனக்கு மட்டும் இருமல். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

உங்கள் ரிஜிஸ்டரைத் தேடி ஐந்து சனிக்கிழமை போயிற்று. அந்தப் பக்கம் போக வேண்டிய ரிஜிஸ்டர்களை மூட்டை மூட்டையாகக் கட்டிச் சைக்கிள் ஷெட்டில் போட்டிருக்கிறார்கள். மேலே தகரம், பக்கத்தில் மழைச்சாரல், கீழே எலி. மொத்தம் அறுபத்தெட்டு மூட்டை. வாட்ச்மேன் ஒரு ஸ்டூல் கொடுத்துவிட்டு, "அம்மா, வைக்கோல்போர்ல ஊசி தேடுறீங்க" என்றான். நான் தேடியது ஊசியை அல்ல, உங்களை. ஐம்பத்தோராவது மூட்டையில், கால்நடைத் துறைக்காரர்களோடு படுத்துக் கிடந்தீர்கள்! ஓரத்தில் எலி கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. உள்ளே எழுத்து பத்திரம்.

பிரித்துப் பார்த்தால் அடுத்த வில்லங்கம். எட்டாவது, ஒன்பதாவது வருடத்துக்கு யாரும் சான்றொப்பம் போடவில்லை. அப்போதிருந்த சூப்பிரண்டு ரிட்டையராகி ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். லீவு போட்டு, குட்டியை இழுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். மனிதருக்குக் கை நடுக்கம். "அவன் ரெண்டு தடவை ஃபெயிலானவன்தானே? இவ்வளவு தூரம் வந்திருக்கியே, நீ எழுதலையா?" என்றார். எழுதுகிறேன் என்றேன். "அப்ப உனக்கு எதுக்கு இந்த அலைச்சல், உட்கார்ந்து படி" என்று திட்டிக்கொண்டே போட்டுக் கொடுத்தார். பேனாவை நான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நேற்று டைரக்டர் ஆபீஸ் ஜீப்பில் முத்திரை வைத்து அனுப்பியாயிற்று. கிடைத்ததும் இரண்டு வரி போடுங்கள்.

காலையில் நான்கு மணிக்கு எழுந்து படிக்கிறேன். நிதி விதிகள் முடிந்தது. நடத்தை விதிகள் பாதி. பழைய வினாத்தாளை வைத்து நானே எழுதி, நானே திருத்தினேன். எழுபத்தெட்டு வந்தது. கருமித்தனமாகத்தான் போட்டேன். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறாள். அவளுக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்று.

அந்தத் தாள்களைக் கிழித்தீர்களா? போன கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வாயாடி


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபப்படாதே. நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ரிஜிஸ்டர் பத்திரமாக வந்தது. தகுதிப் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. எழுபத்தோராவது பெயர். உன் பட்டியலையும் இங்கே பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில். நம் ஹாலில் உட்கார்ந்திருந்த மாதிரியே!

ஆபீஸில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "சார், ரெண்டு பேரும் எழுதுறீங்க, அவங்க பாஸாகி நீங்க கோட்டை விட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவன் கேட்டான். "என்ன பண்றது, லீவு வேணும்னா வீட்டுலயே கையெழுத்து வாங்கிக்க வேண்டியதுதான்" என்றான் இன்னொருவன். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? டீ குடிக்கப் போனால் அங்கேயும் அதே பேச்சு. ஒரு வாரமாக டீக்குப் போவதில்லை.

தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது. சாயங்காலம் அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வயிறு முன்னைவிட மோசம். கணவன் மனைவி வெவ்வேறு மாநிலத்தில் இருந்தால் ஒருவர் மனுக் கொடுத்து மற்றவர் இருக்கும் பக்கம் வந்துவிடலாம் என்று ஒரு உத்தரவு வந்திருக்கிறது. அந்த மனுக்களை இரண்டே வாரத்தில் முடித்துவிடுகிறார்களாம். நீ மனசு வைத்தால் குட்டி இந்த மாதமே அப்பாவோடு இருப்பாள். தேர்வு எங்கே போகிறது? யோசித்துப் பார். ரொம்பவும் படித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்
நான்


ஆகஸ்ட் 17

என்னங்க,

குட்டி சுகம். இருமல் போய்விட்டதா என்று நீங்கள் கேட்கவில்லை. போகவில்லை.

அந்த உத்தரவை நானும் படித்தேன். மூன்றாவது பக்கம் வரை படித்தேன். நீங்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. துணையோடு சேர வருகிறவர் சொந்த விருப்பத்தில் வருகிறவராகக் கருதப்படுவார். சீனியாரிட்டி லிஸ்டில் கடைசிப் பெயருக்கும் கீழே போவார். ஐந்து வருடத்துக்கு எந்தப் பதவி உயர்வுத் தேர்வும் எழுத முடியாது. பதினான்கு வருட சர்வீஸைக் குப்பையில் கொட்டிவிட்டு, நேற்று சேர்ந்த பெண்ணுக்குக் கீழே போய் உட்கார வேண்டும். அதுவும் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது!

இத்தனை ஆசை இருந்தால் நீங்கள் மனுக் கொடுத்து இங்கே வந்திருக்கலாமே. நீங்கள் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் பதினான்கு வருடமும் எனக்கு வேண்டும் என்றுதான் எலிக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

தேர்வு முடியட்டும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதீர்கள். டீக்குப் போங்கள். அவர்கள் பேசினால் பேசட்டும், வாய் அவர்களுடையது. மோர் குடியுங்கள், காரம் வேண்டாம்.

வாயாடி


செப்டம்பர் 5

என்னங்க,

குட்டி பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நான் லீவு. இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்கப் போவதில்லை.

நேற்றுப் பதினோரு மணிக்குக் கொட்டாவி சார் கூப்பிட்டார். முகத்தில் கொட்டாவி இல்லை. "என்னம்மா, ஒரு வார்த்தை சொல்லாம இப்படிப் பண்ணிட்டியே" என்று ஒரு உத்தரவை நீட்டினார். எனக்கு இடமாறுதல். சொந்த விருப்பத்தில், கணவரோடு சேர, அந்த மாநிலத்துக்கு. அக்டோபர் பதினைந்துக்குள் சேர வேண்டும். தகுதிப் பட்டியலில் என் பெயர் நீக்கப்படுகிறது. கீழே என் மனுவின் நகல்.

நான் மனு எழுதவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது. சந்தேகமே இல்லை, நான் போட்டதுதான்.

மனுவை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்தேன். லீவு லெட்டர் நான்கு வரிதான், அதனால் எப்போதும் தாளின் பாதியில் கையெழுத்துப் போடுவேன். உங்களுக்குத் தெரியும். உங்கள் மனுவோ பதினெட்டு வரி. அத்தனையும் கையெழுத்துக்கு மேலே அடங்க வேண்டுமே? மேலே இடம் விடாமல் தாளின் விளிம்பிலேயே டைப் அடிக்க ஆரம்பித்து, வரிக்கு வரி நெருக்கி, கடைசி இரண்டு வரியை என் கையெழுத்தின் தலையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கீழே பாதித் தாள் சும்மா கிடக்கிறது. புத்தி உள்ள யார் பார்த்தாலும் கண்டுபிடிப்பார்கள். பார்த்தவர்களுக்குத்தான் அது இல்லை.

"என் குடும்ப நலனை முன்னிட்டு எனது சீனியாரிட்டியையும் தேர்வு எழுதும் தகுதியையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்." எந்த ஃபைலைப் பார்த்து எழுதினீர்கள் இதை? மனப்பூர்வமாகவாம்!

ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று உத்தரவின் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். ஏன் செய்தீர்கள்?


செப்டம்பர் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ திட்டியது சரி. இன்னும் திட்டு. ஆனால் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டு.

குட்டிக்காகத்தான் செய்தேன். பெண் குழந்தை அப்பா முகம் பார்க்காமல் வளர்கிறாள். உன்னைக் கேட்டால் தேர்வு தேர்வு என்கிறாய். பிடிவாதக்காரி நீ. சரி, ஒரு முறை முடித்துவிட்டால் பிறகு புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுபத்தெட்டு வரும். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நான் இரண்டு முறை நாற்பதைத் தாண்டவில்லை. நீ சூப்பிரண்டாகி இந்த ஹாலுக்கு வந்து, மணி அடித்து, நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உன் மேஜை முன்னால் நின்று, நீ தலை நிமிராமல் "வச்சுட்டுப் போங்க" என்று சொன்னால்? நீ அப்படிச் சொல்ல மாட்டாய். ஆனால் நிற்பது நிற்பதுதானே. ஆண்பிள்ளையாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

நடந்தது நடந்துவிட்டது. நீ ஆட்சேபம் எழுதினால் மனு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். என் வேலை போய்விடும். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் குற்றம்தான், உனக்கும் மெமோ வரும். இரண்டு பேரும் தெருவில் நிற்பதால் யாருக்கு லாபம்? யாராவது கேட்டால், மனுவை நீயே எழுதியதாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. நான் இந்த முறை பாஸ் பண்ணிவிடுவேன். கட் ஆஃப் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான், நீ இல்லாததால் அதுவும் இறங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு அதிகாரி போதாதா? உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்கிறேன்.

குட்டி மேல் ஆணை. இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

உன்
நான்


செப்டம்பர் 12

என்னங்க,

நாங்கள் சுகம். நீங்கள் சாப்பிடாமல் இருக்க வேண்டாம், வயிறு இன்னும் கெடும்.

இரண்டு நாள் யோசித்தேன். ஆட்சேபம் எழுதவில்லை. கொட்டாவி சார் தாளும் பேனாவும் எடுத்து என் மேஜையில் வைத்து, "ரெண்டு வரி எழுதிக் கொடு, நான் பாத்துக்கறேன்" என்றார். வேண்டாம் சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் எடுத்து வைத்த குறிப்புகள் எனக்கு இனி எதற்கு? இதோடு தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நிதி விதிகள் நீல நோட்டு, நடத்தை விதிகள் பழுப்பு நோட்டு. சிவப்புக் கோடு போட்டவை கட்டாயம் வரும். நடத்தை விதிகளில்தான் நீங்கள் இரண்டு முறையும் கோட்டை விட்டீர்கள். அதை இரண்டு தடவை படியுங்கள்.

நன்றாக எழுத வேண்டும். உங்களை அந்த ஹாலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

வாயாடி


செப்டம்பர் 20

என் தங்கமே,

உனக்கும் குட்டிக்கும் ஆயிரம் முத்தம். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ இல்லாமல் உன் இடத்தில் வேறொருத்தி இருந்திருந்தால் என் கதி என்ன? பொறுத்தார் பூமியாள்வார் என்று சும்மாவா சொன்னார்கள்!

நோட்டு இரண்டும் வந்தது. என்ன எழுத்து உன் எழுத்து! மந்திரம் மாதிரி மனதில் நிற்கிறது. நேற்று நானே எழுதிப் பார்த்தேன். அறுபத்து மூன்று. வாழ்க்கையில் முதல் முறை. வயிற்றுப் பிடுங்கல்கூட நின்றுவிட்டது, ஆச்சரியமாக இல்லை? இப்போது டீக்குப் போகிறேன். "எங்க வீட்டுல அவங்க எனக்காக விட்டுக்கொடுத்துட்டாங்க" என்று நேற்றுச் சொன்னேன். கேலி செய்தவனே எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தான்.

கீழ்வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். பக்கத்து அறையையும் நமக்கே தருகிறார். ஒரு மேஜை வாங்கிப் போட வேண்டும், குட்டி படிக்க. தேர்வுக்கு என்று வெள்ளைச் சட்டை ஒன்று எடுத்தேன். திட்டாதே.

இருமல் எப்படி இருக்கிறது? மருந்து சாப்பிடு.

உன்
நான்


செப்டம்பர் 28

நீ என்ன சொன்னாய்? யாரிடம் சொன்னாய்?

ஒன்பதேகாலுக்கு உட்கார்ந்தேன். வினாத்தாள் கொடுத்தாயிற்று. முதல் கேள்வியே பழுப்பு நோட்டில் இருந்தது. நான் பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்காணிப்பாளர் ஒரு தாளோடு உள்ளே வந்து, எழுபத்தொன்று யார் என்று சத்தமாகக் கேட்டார். கையைத் தூக்கினேன். வாழ்த்துச் சொல்ல வருகிறார் என்றுகூட ஒரு விநாடி நினைத்தேன். "எழுந்திரிங்க. தாள், பேனா, ஹால் டிக்கெட் எல்லாத்தையும் மேஜையில வைங்க" என்றார். ஏன் சார் என்றேன். இருநூறு பேருக்கு முன்னால் வாசித்தார். "மனைவியின் கையெழுத்தைப் பயன்படுத்தி மோசடி மனு அளித்த குற்றத்துக்காக." முழுதும் வாசித்தார். எங்கள் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் அந்த ஹாலில்.

தற்காலிக வேலைநீக்கம். வாசலிலேயே உத்தரவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

ஆட்சேபம் எழுதவில்லை என்றாயே? நோட்டு அனுப்பினாயே? எழுது. ஏதாவது எழுது. குட்டி எப்படி இருக்கிறாள்?


அக்டோபர் 3

உங்களுக்கு,

குட்டி நன்றாக இருக்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இருமல் அப்படியேதான் இருக்கிறது.

கேட்டீர்கள், சொல்கிறேன். ஆட்சேபம் எழுதவில்லை என்றது பொய்யல்ல. எழுதியிருந்தால் என் பெயர் மறுநாளே பட்டியலில் ஏறியிருக்கும். கொட்டாவி சார் உறுதியாகச் சொன்னார். உங்கள் விஷயம் அந்த மாநிலத்துக்குக் கடிதமாகப் போகும், அவர்கள் விளக்கம் கேட்பார்கள், பதில் வரும், ஆறு மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் தேர்வு எழுதி, பாஸ் பண்ணி, சூப்பிரண்டாகி, உங்கள் ஃபைலை நீங்களே மூடியிருப்பீர்கள். நமக்குத் தெரியாத ஆபீஸா?

வேறு ஒரு வழியும் இருந்தது. இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான தேர்வுக் குழு வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸில் உட்கார்ந்தது. கடைசி நேரத் தகுதிச் சரிபார்ப்பு. யார் மேலாவது மோசடி என்று நேரில் வாக்குமூலம் வந்தால், எந்தப் பக்கத்துப் பெயரானாலும் அங்கேயே அடித்துவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நடத்தை விதிகள், பழுப்பு நோட்டு, சிவப்புக் கோடு. இரண்டு தடவை படிக்கச் சொன்னேனே, நீங்கள்தான் படிக்கவில்லை. ஆனால் ஆட்சேபமாக ஃபைல் ஏறிவிட்ட விஷயத்தைக் குழு தொடாது. அதற்கு நான் பத்து நாளையும் கடத்தி, வாயை மூடிக்கொண்டு, இருபத்தாறாம் தேதி வரை காத்திருக்க வேண்டும். பத்து நாள் போனால் என் தேர்வும் போகும். இதுவா அதுவா என்று உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு அதிகாரி போதாதா என்ற இடத்தில் முடிவெடுத்தேன்.

தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்கள். அப்படி இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை.

குழுவில் தலைவராக ஒரு அம்மா. என் மனுவைப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதான்னு சொன்னா விஷயம் இதோட முடிஞ்சுது. வெத்துத்தாள்ல போட்டுக் கொடுத்தேன்னு சொன்னா உங்களுக்கும் சார்ஜ் மெமோ வரும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். வந்து எழுதிக் கொடுத்தேன், இரண்டரைப் பக்கம். இந்த முறை கையெழுத்து தாளின் அடியில். அந்த அம்மா படித்துவிட்டு, "பத்து நாளுக்குள்ள வந்திருந்தா நீங்க ஞாயித்துக்கிழமை எழுதியிருக்கலாமே, ஏன் வரலை?" என்று கேட்டார். தெரியாது அம்மா என்றேன். அது பொய்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்குக் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். உத்தரவு நேராகத் தேர்வு ஹாலுக்கே போகிறது என்று அந்த அம்மா சொல்லியிருந்தார், அதனால் சரியாக அப்போது நீங்கள் எழுந்து நிற்பீர்கள் என்று தெரியும். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து மணிக்கு அது தீர்ந்துபோய்விட்டது. இப்போது பதினான்கு வருடமும் இல்லை, தேர்வும் இல்லை. நாலு மணிக்கு விழிப்பு மட்டும் தானாக வருகிறது. எழுந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உங்களை வெறுக்கிற அளவுக்கு என்னையும் வெறுக்கிறேன். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இடமாறுதல் உத்தரவை என்ன செய்வது என்றும் அந்த அம்மா கேட்டார். விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம், எழுதிக் கொடுங்கள் என்றார். வேண்டாம், உத்தரவு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சிமெண்ட் குடோனில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதாம், உங்களுடையது. லிஸ்டில் கடைசி ஆளான எனக்கு அதைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்களோ விசாரணை முடியும்வரை அந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வருடம் ஆகும், இரண்டும் ஆகலாம். நான் தினமும் பத்து மணிக்கு ஆபீஸ் போவேன், ஆறு மணிக்கு வருவேன். நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

பதினான்காம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறோம். இரண்டு பெட்டி, ஒரு குழந்தை. கீழ்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டு எங்கேயும் போய்விடாதீர்கள். நான் தட்டும்போது நீங்களே வந்து கதவைத் திறக்க வேண்டும்.